காட்டுங்க மிஸ்ஸி

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். கழுத்தில் தொங்கிய அட்டையில் அது எழுதியும் இருந்திருக்கும். ஆனால் நான் போன நாளெல்லாம் அந்த அட்டை புரண்டுதான் கிடந்தது. எங்கள் நாட்டில் நர்ஸ் என்றால் மிஸ்ஸி. பேஸ்மேக்கர் கிளினிக்குக்கு வரும் தமிழர்கள் அவரைக் 'காட்டுங்க மிஸ்ஸி' என்று சொன்னார்கள். அவர் காதில் விழாத தூரத்தில் நின்றுதான்.

வாயால் சொல்லும் பதில் எதையும் அவர் நம்பமாட்டார். "படி ஏறினா மூச்சு வாங்குது மிஸ்ஸி" என்று ஒரு அம்மா சொன்னால், "அப்படியா, காட்டுங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டடத்தின் பின்பக்கப் படியில் ஏற்றுவார். தானும் கூடவே ஏறுவார். "இந்தப் பக்கம் படுத்தா குத்துது" என்றால், கட்டிலில் படுத்துக் காட்ட வேண்டும். மலாய்க்காரருக்கும் சீனருக்கும் அதையே மலாயில் சொல்வார். எட்டு மணிக்கு எண் எடுத்தவன் பசியோடு பன்னிரண்டு மணிவரை கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே யாரோ ஒருவர் துணி காயப்போடுவது எப்படி என்று நடித்துக் காட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வரிசையில் அதிகமாக முணுமுணுத்தவன் நான்தான். எனக்குப் பொறுமை கிடையாது. அதோடு அந்த நாள்களில் எனக்கு எதுவுமே விளங்கவில்லை, விளங்காதபோது எனக்குக் கோபம்தான் வரும்.

நான் ஒரு வெல்டர். குளுவாங்கில் நானும் என் மச்சானும், அதாவது மனைவியின் தம்பியும், சேர்ந்து வீட்டுக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்து கொடுக்கிறோம். முப்பது வருடமாக இதே தொழில். வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. தீபாவளி முடிந்த கையோடு ஒரு மத்தியானம், ஒரு வீட்டு வாசலில் அளவெடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறதாம். சில நேரம் அடிக்கவே மறந்துவிடுகிறதாம். பெரிய ஆஸ்பத்திரியில் இடது காறை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒன்றைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். அதிலிருந்து ஒரு வயர் இதயத்துக்குள் போகிறது. இதயம் சும்மா இருந்தால் அது ஒரு தட்டு தட்டும். என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான். என் மனைவி அதைப் பேட்டரி என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆளாளுக்கு ஒரு சட்டம். கைப்பேசியை இடது பக்கப் பையில் வைக்காதே என்றார்கள்; சரி. மைக்ரோவேவ் பக்கம் போகாதே என்றார் ஒருவர்; அதெல்லாம் அந்தக் காலத்துப் பேட்டரிக்கு என்றார் இன்னொருவர். கோயிலில் மணியும் மேளமும் அடிக்கிற மின்சார எந்திரத்துக்கு அருகே நிற்காதே என்று வாட்சப்பில் வந்தது. டுரியான் பழம் தின்றால் பேட்டரி சூடாகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சத்தியமே செய்தார். நானும் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பேன். துடிப்பது நானா, அதுவா? தெரியவில்லை. மனைவியிடம் கேட்டால், "ரெண்டு பேரும் சேர்ந்துதான் துடிக்கிறீங்க, படுங்க" என்பாள்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். நான் திரும்பவும் வெல்டிங் பிடிக்கலாமா, கூடாதா? ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் கூடாது என்றார். அடுத்த நாள் வந்தவர், முதலில் குணமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஊரில் சளிக் காய்ச்சலுக்குப் போன கிளினிக்கில் கேட்டேன். அந்த டாக்டர் தலை நிமிராமலே, "போலே, போலே, ஹாத்தி-ஹாத்தி" என்றார். செய்யலாம், கவனமாகச் செய், அவ்வளவுதான். மூன்று பேர், மூன்று பதில். எனக்குப் பிடித்த பதிலை நான் மடியில் முடிந்துகொண்டேன்.

காட்டுங்க மிஸ்ஸியின் அறைக்குள் நான் முதலில் போனது தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்னால். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும் அவருக்கு. கொஞ்சம் குள்ளம். சிரிக்காத முகம், ஆனால் கடுப்பும் இல்லை.

"எப்படி இருக்கீங்கண்ணே?"

"பாய்க், மிஸ்ஸி."

நல்லா இருக்கேன் என்பதை ஆஸ்பத்திரியில் நாங்கள் மலாயில்தான் சொல்வோம். எதிரே இருப்பது தமிழ் மிஸ்ஸியாக இருந்தாலும் வாய் அதைத்தான் சொல்லும்.

"சரி, சட்டையக் கழட்டிக் காட்டுங்க."

என் மனைவி வழக்கம்போல எழுந்து வந்து பொத்தானில் கை வைத்தாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க. அண்ணன் கழட்டட்டும்."

பொத்தானை அவிழ்த்துவிட்டேன். சட்டையைத்தான் கழட்ட முடியவில்லை. இடது கை விலாவோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கையைத் தோளுக்கு மேல் தூக்காதே என்று அனுப்பும்போது சொல்லியிருந்தார்கள். எத்தனை நாளைக்கு என்றும் சொல்லித்தான் இருப்பார்கள், நான் இருந்த மயக்கத்தில் அது காதில் ஏறவில்லை. வயர் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயத்தில் இரண்டு மாதத்துக்கு மேலாகத் துண்டால் கட்டிப்போட்டு வைத்திருந்தேன். குளிப்பாட்டுவது, தலை துவட்டுவது எல்லாம் மனைவிதான். இதைத்தான் நான் பாய்க் என்று சொன்னேன்.

"அலமாக்!" என்றார் மிஸ்ஸி. அவர் அதிர்ச்சி அடைந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தார். வயர் எப்போதோ உள்ளே பிடித்துக்கொண்டுவிட்டது, கையைத் தாராளமாக அசைக்கலாம், தோள்தான் இறுகிவிட்டது என்றார் டாக்டர். என் பயம் எனக்கே வைத்த வினை.

அப்போதுதான் என் மனைவி மெதுவாகத் தொடங்கினாள். "மிஸ்ஸி, இன்னொரு விசயம். ஆப்பரேசன் அன்னிக்கு நான் முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். வர்ற பூசத்துக்கு இவரு பால்குடம் எடுக்கணும்."

எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். கையைத் தூக்கவே விடாதவள் பால்குடத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்! வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லை திட்டியிருப்பார்கள். மிஸ்ஸி அலமாரியைத் திறந்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தார்.

"எப்படித் தூக்குவாங்க? காட்டுங்கக்கா."

மனைவி தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினாள். மிஸ்ஸி தானும் வாங்கித் தன் தலையில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த ஒரு சீனக் கிழவர் பேசாமல் மூடிக்கொண்டு போனார்.

"வீட்டுல செம்பு இருக்குல்ல? வெறும் செம்பு. பிசியோ சொல்லிக் குடுக்கறதச் செய்ங்க. அப்புறம் தினமும் ரெண்டு கையாலயும் செம்பத் தூக்குங்க. மொத நாளு நெஞ்சு வரைக்கும். அப்புறம் தாடை. அப்புறம் மூக்கு. வலிச்சா நிப்பாட்டிடணும். வாரா வாரம் வந்து எனக்குக் காட்டணும்."

போய்க் காட்டினேன். தாடை. மூக்கு. நெற்றி. தைப்பூசத்தன்று வலது கை தலையில் குடத்தைப் பிடித்தது. இடது கை காதுவரைதான் ஏறியது. மீதித் தூரத்துக்கு மனைவி கை கொடுத்தாள். முருகன் அதை ஏற்றுக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது. மிஸ்ஸி ஏற்றுக்கொண்டார்.

அந்த வாரங்களில் ஒரு நாள் அறையில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டுவிட்டேன். "எதுக்கு மிஸ்ஸி எல்லாத்தையும் காட்டு காட்டுன்னு உயிர வாங்குறீங்க? சொன்னா பத்தாதா?"

கோபித்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா எஸ்டேட்டுல செம்பனைக் குலை வெட்டுனவரு. டாக்டர் என்ன கேட்டாலும் பாய்க் டொக்டர், பாய்க் டொக்டர். வேலை வாங்குற மண்டோர் கிட்ட நிக்கிற மாதிரியே நிப்பாரு. கை ரெண்டும் இப்படி." தன் இரண்டு கையையும் முன்னால் கோத்துக் காட்டினார். "நானும் கூடத்தான் உக்காந்திருந்தேன். அப்பவே நான் மிஸ்ஸி. எங்கப்பாவால செருப்பக்கூடக் குனிஞ்சு மாட்ட முடியலங்கிறது எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சது. செருப்ப மாட்டிக் காட்டுங்கப்பான்னு யாரும் கேக்கல. நானும் கேக்கல."

என் கையைப் பார்த்தேன், அதுவும் முன்னால் கோத்துத்தான் இருந்தது.

இவ்வளவு நல்லவரிடம் நான் பொய் சொன்னேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. கை ஓரளவு வந்ததுமே எங்கள் வெல்டிங் கடைக்குப் போய்விட்டேன். காய்ச்சல் கிளினிக் டாக்டரின் போலே என்ற சொல் மடியில் இருந்ததே. ஒரு பெரிய கேட் வேலை. மச்சான் தடுத்தான், கேட்கவில்லை. பெரிய மெசினைப் போட்டுப் பத்து நிமிடம் வெல்டிங் பிடித்திருப்பேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான் என்று மச்சானுக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது மிஸ்ஸி எப்போதும்போல நெஞ்சின் மேல் பேட்டரியைப் படிக்கும் கருவியை வைத்தார். பார்ப்பதற்குக் கணினி மௌஸ் மாதிரி இருக்கும். திரையில் கோடுகள் ஓடும்.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

"பாய்க், மிஸ்ஸி."

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "போன மாசம் ஒரு செவ்வாக்கெழம, சாயங்காலம் நாலு மணி வாக்குல என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

பேட்டரி எல்லாவற்றையும் எழுதி வைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது.

"தே குடிச்சிட்டு இருந்தேன் மிஸ்ஸி."

"காட்டுங்க."

"என்னத்த?"

"தே எப்படிக் குடிச்சீங்கன்னு."

ஐம்பத்தி நாலு வயது மனிதன், இல்லாத கிளாசைக் கையில் பிடித்து, இல்லாத தேநீரை ஊதி ஊதிக் குடித்துக் காட்டினேன். மிஸ்ஸி முடியும்வரை பார்த்துவிட்டுத் திரையைக் காட்டினார். "இதுக்குக் கோடு இப்படி வராதுண்ணே" என்றார். என் மனைவிக்கு விளங்கிவிட்டது. "கடைக்குப் போனீங்களா?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆமா, போனேன்! வெல்டிங் பிடிச்சேன்! ஒருத்தன் போலேங்கிறான், ஒருத்தன் கூடாதுங்கிறான், நான் யாரு பேச்சக் கேக்கிறது? இத விட்டா எனக்கு என்ன தெரியும்? நீங்களாவது சொல்லுங்க. முடியுமா, முடியாதா?"

"எனக்குத் தெரியாது" என்றார் மிஸ்ஸி. "எப்படிப் பிடிப்பீங்கன்னு காட்டுங்க."

மூலையில் கிடந்த நீளமான இணைப்பு வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி என் கையில் கொடுத்தார். மனைவியின் குடையை வாங்கி, வெல்டிங் குச்சியைப் பிடிக்கும் ஹோல்டராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கோபத்தோடு எழுந்தேன். குடையை வலது கையில் பிடித்தேன். வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து, "இப்படித்தான்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மிஸ்ஸி என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வயர் சரியாகப் பேட்டரியின் மேல் கிடந்தது.

எல்லா வெல்டரும் செய்வதுதான். கேபிள் கனம், தோளில் போட்டுக்கொண்டால் கை இழுபடாது. வலது கையில் பிடிப்பவன் இடது தோளில் போடுவான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என் பழக்கம் என்னைச் சுடுகாட்டு வாசலில் கொண்டுபோய்விடப் பார்த்திருக்கிறது. கூடாது என்றவரும் போலே என்றவரும் கேபிளை எங்கே போடுவாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. கை போடுகிறது, எனக்கு என்ன தெரியும்?

மிஸ்ஸி உட்கார வைத்து விளக்கினார். "கேபிள்ல ஓடுற கரெண்ட இது உங்க இதயத் துடிப்புன்னு நெனச்சிருச்சுண்ணே. ஆளு நல்லாத்தான் துடிக்கிறாரு, நாம எதுக்குன்னு சும்மா இருந்திருச்சு. அதுலதான் உங்களுக்குக் கண்ண இருட்டிச்சு."

அதனிடமும் யாரோ பாய்க் என்று சொல்லியிருக்கிறார்கள். அது நம்பிவிட்டது.

அதற்குப் பிறகும் அவர் கூடாது என்று சொல்லவில்லை. டாக்டரிடம் கடிதம் வாங்கி, பேஸ்மேக்கர் கம்பெனி ஆளை ஏற்பாடு செய்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரோடு கடைக்கே வந்துவிட்டார். சாதாரண உடையில் வந்தவரை ஏதோ கேட்டுக்கு விலை கேட்க வந்தவர் என்று நினைத்து மச்சான் நாற்காலி போட்டான். கம்பெனி ஆள் மடிக்கணினியை விரித்து, என்னை ஒவ்வொரு மெசினாகக் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். மிஸ்ஸி பக்கத்திலேயே என் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடுவில், "எனக்கும் காட்டுங்க" என்று மெசினை அணைக்கச் சொல்லி ஹோல்டரை வாங்கினார். இரண்டடி நடந்தார். கேபிளின் கனம் கையை இழுத்தது. என்ன செய்தார் தெரியுமா? தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டார். போட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சிரித்துவிட்டார். "நான்கூட அங்கதான் போடுறேன், உங்களச் சொல்லி என்ன!"

பெரிய மெசின் கூடவே கூடாது. சின்ன மெசின் பிடிக்கலாம், குறைந்த கரெண்டில், கை நீட்டிய தூரத்தில், கேபிள் வலது பக்கம் தரையில் கிடக்க வேண்டும், தனியாகச் செய்யக் கூடாது, தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். டாக்டர் இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மச்சான் சுவரில் ஒட்டினான். பாதித் தொழில் போய்விட்டது, பாதி மிஞ்சியது. அன்றைக்கு நான் அழுதேன், போனதற்கா மிஞ்சியதற்கா என்று இன்றும் தெரியவில்லை.

கிளம்பும்போது மிஸ்ஸி என் மனைவியிடம் சொன்னார். "அக்கா, இவரு கைக்கு நாம சொன்னா கேக்காது. வேலைச் சட்டையில இடது தோளு மேல சாக்குத் துண்டு ஒண்ணு தச்சி விடுங்க. கை அங்க போனா சொரசொரன்னு படட்டும்." மனைவி இரண்டு சட்டைக்கும் தைத்தாள். மிஸ்ஸி சொன்னது சரி. கை போகும், சாக்கில் பட்டதும் நிற்கும்.

இரண்டு வருடம் கழித்து, மாற்றலாகிப் போவதாகச் சொன்னார். எங்கே என்று சரியாகச் சொல்லவில்லை. சிங்கப்பூர் என்றார்கள் சிலர், பெக்கான் நானாஸ் பக்கம் என்றார்கள் சிலர். மனைவி முறுக்கு கட்டிக் கொடுத்தாள். விடைபெறும்போது சும்மா கேட்டேன்.

"நீங்க நல்லா இருக்கீங்களா மிஸ்ஸி?"

"பாய்க், பாய்க்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். "காட்டுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்க வாயெடுத்தவர் சிரிக்கவில்லை. நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை முன்னால் கோத்திருந்தன. பிறகு எழுந்து, "அடுத்த ஆளக் கூப்பிடணும்ணே" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். அவராக இருந்தால் என்னை அப்படி விட்டிருக்க மாட்டார். நான் விட்டுவிட்டேன்.

போன வாரம் பரிசோதனைக்கு நாள். அதற்கு நாலைந்து நாள் முன்னால் சாக்குத் தைத்த சட்டை இரண்டும் கொடியில் காயவில்லை என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போயிருந்தேன். சின்ன மெசின்தான், சின்ன வேலைதான். கை அதன் பாட்டுக்குக் கேபிளைத் தூக்கி எங்கே போட்டதோ, தலை லேசாகச் சுற்றியபோதுதான் தெரிந்தது. உடனே கீழே போட்டுவிட்டேன். மச்சானுக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியாது. சொன்னால் மிஞ்சிய பாதியும் போகும்.

கிளினிக்கில் புது ஆள், மலாய் இளைஞர். நல்ல பையன். பெயர் அட்டை நேராக இருந்தது. கருவியை எடுப்பதற்கு முன், படிவத்தில் பேனாவை வைத்துக்கொண்டு சுறுசுறுப்பாகக் கேட்டார், "ஓகே, அங்கிள்? எந்தப் பிரச்சினையும் இல்லையே?"

பாய்க் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் மனைவி குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தேன். அவளிடமிருந்து குடையை வாங்கினேன்.

"தம்பி, இங்க நீளமா வயர் ஒண்ணு இருக்கா? ஒண்ணு காட்டணும்" என்று மலாயில் கேட்டேன்.